25 பேர் பாடும் குழுவுக்கு எத்தனை மைக் வேண்டும்?

கோத்தகிரியில் உங்கள் சபையின் பாடகர் குழுவில் 25 பேர் இருக்கிறார்கள். வீட்டு மாடியில் 12 அடிக்கு 11 அடி அறை ஒன்றில் சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டி ஸ்டுடியோவாக்கி வைத்திருக்கிறீர்கள். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. அதில் எட்டு மைக்கும் அவற்றைக் கணினியோடு இணைக்கும் எட்டுச் சேனல் இன்டர்ஃபேஸும் வாங்கி, நான்கு நான்கு பேராக அழைத்துப் பாடவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி மைக்கின் எண்ணிக்கையைப் பற்றியதாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கேட்கும் அந்த ஒருமித்த ஓசை வீட்டில் செய்த பதிவில் ஏன் வருவதில்லை, அதை இந்தப் பணத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதே உங்கள் மனத்தில் இருப்பது என்று எண்ணுகிறேன். குன்னூரைச் சுற்றியுள்ள ஆலயங்களிலும் பள்ளிகளிலும் பல ஆண்டுகளாகக் குழுப்பாடல்களைப் பதிவுசெய்துவருகிறேன். என் பதில் இதுதான்: எட்டு மைக் வேண்டாம், இரண்டு போதும், பதிவை ஆலயத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அறை எடிட்டிங் செய்ய இருக்கட்டும்.

அறையை ஏன் தள்ளச் சொல்கிறேன் என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். இதில் கருத்து வேறுபாட்டுக்கு அதிக இடமில்லை. பாடுபவரிடமிருந்து மைக்கை விலக்கிக்கொண்டே போனால், நேராக வரும் குரலும் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் சமமாகும் ஒரு தொலைவு வரும். அதற்கு அப்பால் போனால் அறைதான் அதிகம் கேட்கும். அந்தத் தொலைவை அறையின் கன அளவையும், அந்தத் திரும்பும் ஒலி, அதாவது ரிவெர்ப், அடங்கும் நேரத்தையும் கொண்டு கணக்கிடலாம். உங்கள் அறை 9 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் அதன் கன அளவு ஏறத்தாழ 34 கனமீட்டர், ரிவெர்ப் 0.4 நொடி என்று கொண்டால் அந்த எல்லை வெறும் அரை மீட்டரில் வந்துவிடும். குழுவின் குரல்கள் காற்றில் கலந்த பிறகு மைக்குக்கு வர வேண்டுமானால் குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை உங்கள் அறையால் தர இயலாது. போதாததற்கு, இந்த அளவுள்ள அறையில் 47, 51, 63 ஹெர்ட்ஸ் அளவிலும் அவற்றின் மடங்குகளிலும் ஒலி தேங்கி நிற்கும். பேஸ் பாடுபவர்களின் கீழ்ச் சுரங்கள் சரியாக அந்த மடங்குகளில்தான் விழுகின்றன. அதனால் ஒரு சுரம் முழங்கும், அதற்கடுத்த சுரம் காணாமல் போகும்.

சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சு இதைச் சரிசெய்யாது. ஓர் அங்குல ஸ்பாஞ்சு மேல் அலைவரிசைகளை மட்டுமே உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் கால் பங்கே 86 சென்டிமீட்டர் என்னும்போது, இரண்டரை சென்டிமீட்டர் ஸ்பாஞ்சு அதை என்ன செய்துவிடும்? பிரகாசம் போய், கீழ்ப்பகுதியின் முழக்கம் மட்டும் மிஞ்சும். முட்டை அட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது அறைக்கு ஒரு தோற்றத்தைத் தருவதோடு சரி.

இப்போது ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஆலயத்தின் அளவு எனக்குத் தெரியாது என்பதால், 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 7 மீட்டர் சராசரி உயரம் உள்ள ஒரு கட்டடத்தைக் கொண்டு கணக்கிடுகிறேன். ஆளில்லாத நேரத்தில் அங்கே ரிவெர்ப் 2 நொடி இருந்தால், முன்சொன்ன எல்லை ஒன்றரை மீட்டருக்குப் போகிறது. முன்பக்க ஒலியை அதிகமாக எடுக்கும் கார்டியாய்டு மைக் வைத்தால் இரண்டரை மீட்டர் வரை போகலாம். அதாவது, குழு ஒன்றாகக் கலந்து கேட்கும் தொலைவில் மைக்கை வைத்தும் சொற்கள் தெளிவாக வரும். மலைப்பகுதிப் பழைய ஆலயங்கள் பலவற்றின் தடித்த சுவரும் மர உத்திரங்களும் இதற்கு நல்ல துணை. உதகை புனித ஸ்டீபன் ஆலயத்தின் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1830இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தைப் போன்றவற்றில், உயரமும் மரமும் சேர்ந்து ஒலிக்கு ஒரு கனிவு தருகின்றன என்பது என் காதுக்குப் படுவது. உங்களுடையது தகரக் கூரை போட்ட புதிய கூடமாக இருந்தால் கதை வேறு. மழையில்லாத நாள் கிடைத்தாலும், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே கைதட்டல் படபடவென்று திரும்புகிறதா என்று முதலில் சோதித்துவிடுங்கள்.

இதில் பலர் எதிர்பாராத ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்கும் ஆலயமும் வார நாளில் பூட்டைத் திறந்து நுழையும் ஆலயமும் ஒலியளவில் ஒரே ஆலயமல்ல. உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமமாக ஒலியை விழுங்குகிறார். மேலே சொன்ன கட்டடத்தில் 100 பேர் அமர்ந்தால் 2 நொடி ரிவெர்ப் 1.4 நொடிக்கு இறங்கிவிடும். இந்தக் கணக்கை உலகுக்குத் தந்த வாலஸ் சாபின், 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரைக் கூடத்தைச் சோதிக்கத் தொடங்கியபோது, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி அளந்து, விடிவதற்குள் திருப்பி வைத்தார். நமக்கு மெத்தை தேவையில்லை; ஜமுக்காளங்களும் கம்பளிகளும் போதும். பெஞ்சுகளின் முதுகில் விரித்துப் போட்டு, ஒரு பலூனை உடைத்துக் கைபேசியில் பதிவுசெய்து, ஓசை அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். கீர்த்தனைகளுக்கு 1.5 நொடிக்குச் சற்றுக் கீழே இருப்பதையும், நான்கு குரலில் மெதுவாகச் செல்லும் பாமாலைகளுக்கு 2 நொடி வரை இருப்பதையும் நான் விரும்புகிறேன். இது ரசனை சார்ந்தது. உங்கள் குழுத்தலைவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இனி இரண்டு மைக்கை எப்படி நிறுத்துவது என்பதற்கு வருகிறேன். சிறிய டயாஃபிரம் (ஒலியில் அதிரும் சவ்வு) கொண்ட, மின்சாரம் தந்து இயக்கும் கண்டென்சர் வகை மைக்குகள் இரண்டை, ஒரே மாதிரியானவையாக, ஒரே ஸ்டாண்டில், தலைகள் 17 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒன்றுக்கொன்று 110 டிகிரி விலகிப் பார்க்கும்படி பொருத்துங்கள். பிரெஞ்சு வானொலி நிறுவனம் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த இந்த அமைப்பை ஓஆர்டிஎஃப் என்பார்கள். இதற்கு இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ 95 டிகிரி பரப்பு விரிந்து பதிவாகும். உங்கள் 25 பேரை எட்டு ஒன்பது பேராக மூன்று வரிசையில் நிறுத்தினால் அகலம் ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும்; இரண்டரை மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அது கிட்டத்தட்ட அதே 95 டிகிரி. கணக்கு இவ்வளவு ஒத்துப்போவதால்தான் தொடங்குபவர்களுக்கு நான் இதைச் சொல்கிறேன். எல்லாப் பக்க ஒலியையும் சமமாக எடுக்கும் இரண்டு ஓம்னி மைக்குகளை அரை மீட்டர் இடைவெளியில் வைத்தால் கீழ்ச் சுரங்கள் இன்னும் இயல்பாக வரும், கட்டடமும் அதிகம் கேட்கும். ஆனால் இடது வலது இரண்டையும் ஒன்றாக்கும் கைபேசி ஸ்பீக்கரில் சில சுரங்கள் மெலிந்துபோகும் அபாயம் அதில் கூடுதல். உங்கள் பதிவை முக்கால்வாசிப் பேர் கேட்கப்போவது அந்தச் சிறு ஸ்பீக்கரில்தான் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டில் எது சிறந்தது என்று தேர்ந்த பொறியாளர்களே இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எனவே நான் சொல்வதையும் ஒரு பக்கத்து வாதமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஐயமே இல்லை. மைக் மூன்று மீட்டர் உயரத்தில் நின்று, சற்றுக் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். முன்வரிசைக்கு இரண்டு மீட்டர் முன்னால், வாய் மட்டத்தில் மைக் வைத்தால், பின்வரிசை முன்வரிசையைவிட 5 டெசிபெல் குறைந்து கேட்கும். அதற்கு மேல் முன்னால் நிற்பவர்களின் தலைகளும் மறைக்கும். அதே மைக்கை மூன்று மீட்டருக்கு ஏற்றி, பின்வரிசையை ஒரு பெஞ்சின் மேலோ படியின் மேலோ நிறுத்தினால் வித்தியாசம் மூன்றரை டெசிபெல் அளவுக்குச் சுருங்குகிறது, மறைப்பும் இல்லை. வழக்கமான மைக் ஸ்டாண்டு அவ்வளவு உயரம் போகாது. புகைப்படக்காரர்கள் விளக்குக்குப் பயன்படுத்தும் உயரமான ஸ்டாண்டையும் அதற்கேற்ற அடாப்டரையும் வாங்குங்கள். காலில் மணல் மூட்டை கட்டாமல் ஒருபோதும் நிமிர்த்தாதீர்கள், கீழே ஆட்கள் நிற்பார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, எட்டு மலிவான மைக்குக்குப் போகும் தொகையில் நல்ல ஜோடி ஒன்றும், இரண்டு சேனல் இன்டர்ஃபேஸும், அந்த ஸ்டாண்டும், நீளமான கேபிள்களும், காதை மூடும் ஹெட்போனும் அடங்கும்படி பாருங்கள். மைக் தேர்ந்தெடுக்கையில் அதன் சுய இரைச்சல், அதாவது மைக் தானே எழுப்பும் இரைச்சல், என்ற எண்ணைப் பார்க்க வேண்டும்; தொலைவில் வைத்துப் பதிவதால் 16 டெசிபெல்லுக்கு மேல் இருப்பதைத் தவிர்ப்பது நல்லது. ரோட் என்டி5 என்ற மைக் அந்த எல்லையில் இருக்கிறது. புதியது வாங்க முடியாவிட்டால் பழையதாக நல்ல ஜோடி வாங்குவதில் தவறில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அலைய விருப்பமில்லையென்றால், கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் தரும் கையடக்க ரெக்கார்டர் ஒன்றே இன்டர்ஃபேஸின் வேலையையும் செய்துவிடும். மின்வெட்டுக்கும் அஞ்ச வேண்டாம். இன்வெர்ட்டரிலும் சுவர் பிளக்கிலும் வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமலைத் தவிர்க்கவே நான் எப்போதும் பேட்டரியில் பதிவுசெய்கிறேன்.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். குழுவின் மிக உரத்த சரணத்தைப் பாடச் சொல்லி, மீட்டர் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடாதபடி அளவை அமையுங்கள். ஒத்திகையில் பாடுவதைவிட உண்மையான பதிவில் எல்லாரும் உரக்கவே பாடுவார்கள். அந்த இடைவெளி அதற்காகத்தான். அளவு குறைந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம், 24 பிட்டில் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். வெடித்துப்போன ஒலியை ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் குழு பாமாலையும் பாடுகிறது, கீர்த்தனையும் பாடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே அமைப்பில் எடுக்க முயலாதீர்கள். பாமாலையில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு குரல்களின் சமநிலையே பாட்டு. அதற்கு மேலே சொன்ன இரண்டு மைக் முழுமையாகப் போதும், சமநிலையை மிக்ஸிங்கில் தேடாமல் ஆட்களை முன்னும் பின்னும் நகர்த்தித் தேட வேண்டும். உரத்த குரலுடையவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரைப் பின்வரிசையின் ஓரத்துக்கு அனுப்புங்கள், மனம் நோகாதபடி உயரத்தைக் காரணம் சொல்லி. கீர்த்தனையில் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். சொல்லும் தாளமும் முன்னே நிற்க வேண்டும், ஆர்மோனியமும் மிருதங்கமோ தபலாவோ கூட இருக்கும். ரிவெர்ப் மிகுந்த கட்டடத்தில் முதலில் கலங்குவது தாள வாத்தியம்தான். அதன் அடியில் தடித்த கம்பளம் விரித்து, குழுவுக்குப் பக்கவாட்டில் அமரவைத்து, இன்டர்ஃபேஸில் இடமிருந்தால் மூன்றாவதாக ஒரு மைக்கை அரை மீட்டரில் வைத்து மிகக் குறைந்த அளவில் கலக்கலாம். ஆர்மோனியத்தின் துருத்தி ஓசை மைக்கை நோக்காதபடி திருப்பி வையுங்கள். அருகே வைத்த மைக்குக்கும் மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் பிரதான ஜோடிக்கும் இடையே ஒலி வந்துசேர 9 மில்லிநொடி வித்தியாசம் இருக்கும். அதை எடிட்டிங்கில் நகர்த்திச் சரிசெய்ய வேண்டுமா என்பது விவாதத்துக்குரியது; தாள வாத்தியத்துக்குச் செய்கிறேன், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன்.

மலைக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. உயரத்தால் சுருதி மாறும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள்; உயரத்துக்கும் ஒலியின் வேகத்துக்கும் தொடர்பில்லை, வெப்பநிலைக்குத்தான் தொடர்பு. 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் செல்லும் ஒலி 10 டிகிரியில் 337 மீட்டர்தான் செல்லும். குழாய் ஆர்கன் உள்ள ஆலயத்தில் இதனால் சுருதி ஏறத்தாழ 30 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு, இறங்கிவிடும். மின் கீபோர்டு இறங்காது. இரண்டையும் சேர்த்து வாசிப்பதானால் கீபோர்டை ஆர்கனுக்கு இறக்குங்கள், ஆர்கனை ஏற்ற முடியாது. பாடுபவர்கள் குளிரில் சுருதி இறங்குவதற்குக் காரணம் வேறு: தசைகள் இறுகியிருப்பதும் மூச்சு குறுகுவதும். அரை மணி நேரம் குரலைச் சூடேற்றாமல் பதிவைத் தொடங்க வேண்டாம்.

மைக்கைப் பற்றியும் ஒரு சொல். குளிர்ந்த வண்டியிலிருந்து எடுத்துவந்த கண்டென்சர் மைக்கை, 25 பேர் மூச்சுவிடும் கூடத்தில் உடனே திறந்தால் உள்ளே ஈரம் படிந்து பொரிவது போன்ற ஓசை வரும். பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் கூடத்திலேயே விட்டுவையுங்கள். மற்ற நாட்களில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள். மூடுபனிக் காலத்தில் இது கட்டாயம்.

நாள் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஏப்ரல், மே மாதங்களில் சாலையெல்லாம் சுற்றுலா வண்டிகள். பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு, ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வார நாள் இரவு ஏழு மணிக்கு மேல் கிடைக்கும் அமைதி மற்ற மாதங்களில் அரிது. ஆயரிடம் அனுமதி கேட்கும்போதே அந்த நேரத்தைக் கேளுங்கள். மின்விசிறி, குழல்விளக்கின் சோக், பக்கத்து அறைக் குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, யாரும் அசையாத நிலையில் வெறும் கூடத்தின் ஓசையை ஒரு நிமிடம் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் இடைவெளிகளை நிரப்ப அதைவிடச் சிறந்த பொருள் கிடையாது.

எடிட்டிங்கில் எச்சரிக்கை ஒன்று உண்டு. துணைவாத்தியம் இல்லாமல் பாடும் குழு ஒரு பாட்டுக்குள்ளேயே மெல்லச் சுருதி இறங்கும். முதல் முறை பாடியதன் மூன்றாம் சரணத்தை எடுத்து இரண்டாம் முறை பாடியதோடு ஒட்டினால், ஒட்டிய இடத்தில் சுருதி குதிக்கும். எந்த நுட்பத்தாலும் அதை மறைப்பது கடினம். ஒவ்வொரு சரணத்துக்கும் இடையே சுருதிப்பெட்டியைத் தொட்டுக் கேட்டுவிட்டுத் தொடரச் சொல்லுங்கள், அந்த ஓசையைப் பின்னால் வெட்டிவிடலாம். வெட்டும் இடம் மூச்செடுக்கும் இடமாக இருக்கட்டும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டுங்கள். உரத்த இடங்களைத் தானாக அடக்கும் கம்ப்ரெஸ்ஸரைக் காட்டிலும் கையால் அளவை ஏற்றி இறக்குவது குழுப்பாடலுக்குப் பொருந்தும். எடிட்டிங் மென்பொருள்களில் ஆடாசிட்டி இலவசம், ரீப்பர் மிகக் குறைந்த விலை. இந்த வேலைக்கு இரண்டுமே போதும்.

ஆலயம் கிடைக்கவே கிடைக்காது என்றால், நீங்கள் சொன்ன அடுக்கும் முறையை ஏற்கத்தான் வேண்டும். அப்போதும் எட்டு மைக் தேவைப்படாது. வீட்டிலேயே பெரிய கூடம் எதுவோ, அதில் ஆறு பேரை அரைவட்டமாக நிறுத்தி, முதலில் குழுத்தலைவர் பாடிய வழிகாட்டி டிராக்கை ஒரு காதில் மட்டும் கேட்டபடி பாடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நிற்கும் இடத்தையும் மைக்கின் தொலைவையும் மாற்றுங்கள்; அதே ஆட்கள் அதே இடத்தில் நின்று நான்கு முறை பாடினால் கூட்டம் பெருகாது, ஒரே குரல் குழம்பியது போலத்தான் கேட்கும். அடி முடிவில் வரும் மெய்யொலிகள் ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்று பார்ப்பதிலேயே பாதி நேரம் போகும். இறுதியில் ஒரு கூடத்தின் ரிவெர்பைச் செயற்கையாகச் சேர்க்கலாம். கேட்கத்தக்க பதிவு வரும். ஆலயத்தில் எடுத்ததற்கு அது ஈடாகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஊர்த் திருவிழாவில் வாசிக்கும் குழலும் பறைகளும் கொண்ட குழுவையும் இதே மைக்கில் எடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம். திறந்த வெளியில் சுவர் இல்லாததால் ரிவெர்பைப் பற்றிய கவலை இல்லை. காற்றும் உரப்பும்தான் கவலை. மைக்குக்கு மயிர் உறை போடுங்கள், மூன்று நான்கு மீட்டர் விலகி நில்லுங்கள், பறையின் அடி மீட்டரில் மைனஸ் 20ஐத் தாண்டாதபடி முதலில் அமைத்துப் பிறகு ஏற்றுங்கள். குழல் பறையை மீறிக் கேட்டால் மைக்கின் முகம் பறைப் பக்கம் சற்றுத் திரும்பியிருக்கலாம். சடங்கின்போது வாசிக்கும் இசையாக இருந்தால், எதைப் பதியலாம், எதை வெளியிடலாம் என்பதை அந்த ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எந்தப் பதிவானாலும், வாட்ஸ்அப்பில் அனுப்பும் சிறிய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். இரண்டு சேனலில் ஒரு மணி நேரப் பதிவு ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல்தான் வரும். வீட்டில் ஒரு டிஸ்க்கிலும் ஆலய அலுவலகத்தில் இன்னொரு டிஸ்க்கிலும் வெட்டாத கோப்புகளைப் போட்டு, தேதியும் பாட்டின் முதலடியும் எழுதி வைத்துவிடுங்கள்.